நம் பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவில் வரவு செலவு படிப்பதும் நன்றி சொல்வதும் வழக்கம். அந்தக் காரியங்களைச் செயலாளர் முடித்துவிட்டார். நமக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் வேறொரு விஷயம் பேச விரும்புகிறோம். உயர்நிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களே சமூக அறிவியல், அந்தப் பாடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"கணக்கைப் பற்றிப் பேசு, இங்கிலீஷைப் பற்றிப் பேசு, கேட்கிறோம். சமூக அறிவியலில் என்ன இருக்கிறது? பரீட்சைக்கு முதல் நாள் உட்கார்ந்து உருப்போட்டால் பாஸ் பண்ணிவிடலாமே!" என்று உங்களில் சிலர் நினைப்பது நமக்குத் தெரிகிறது. நாமும் அப்படி நினைத்தவர்கள்தான். மூன்று வாரங்களுக்கு முன்னால் இதே படிப்பகத்தில் நடந்த ஒரு சிறு சம்பவம்தான் நம்மை மாற்றிற்று.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதோ அந்த மூலையில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் கொண்டிருந்தாள். "கோரல் மில் வேலை நிறுத்தம், 1908. கோரல் மில் வேலை நிறுத்தம், 1908." பத்துத் தரம் சொல்லியிருப்பாள். அவளுடைய தகப்பனார் ஸ்பின்னிங்கில் வேலை செய்பவர். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் மகளை அழைத்துப் போக வந்திருந்தார். "கோரல் மில்லா? அது எங்கேம்மா இருக்கு? அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டார். அந்தப் பெண் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா. வருஷம் மட்டும்தான் கேப்பாங்க."

தோழர்களே, அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மில் தொழிலாளியின் மகள், மில் தொழிலாளர் நடத்திய போராட்டத்தைப் படிக்கிறாள். பக்கத்தில் மில் தொழிலாளியான தகப்பன் நிற்கிறார். அந்தப் போராட்டத்துக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்று இருவருக்கும் தெரியவில்லை. மிஞ்சியது நான்கு எண்கள்: ஒன்று, ஒன்பது, பூஜ்யம், எட்டு.

1908-ல் நடந்தது என்ன?

அதை முதலில் சொல்லிவிடுவோம். தூத்துக்குடியில் வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் நடந்த பஞ்சாலை கோரல் மில். வேலை நேரம் நீண்டது; கூலி அற்பம்; வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. 1908 பிப்ரவரி 27-ந் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர்கள் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும். கப்பல் ஓட்டிய வ.உ.சி.யை நமக்குத் தெரியும். மில் தொழிலாளர்களின் கூலிக்காக மேடை ஏறிய வ.உ.சி.யை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊர் மக்கள் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், 1912 வரை அவர் சிறையில் கிடந்தார்.

இப்போது சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் நாம் வீட்டில் இருக்கிறோமே, அந்த ஒரு நாள் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த வெகுமதியா? அதற்காகச் சிலர் பட்டினி கிடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வருஷத்தை மட்டும் உருப்போட்டால் இது தெரியுமா?

இந்தப் பாடத்தில் இருப்பது என்ன?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஐந்து பாடங்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க்கு. சமூக அறிவியல் என்ற ஒரே பெயருக்குள் நான்கு படிப்புகள் இருக்கின்றன. சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம்.

இந்த நான்கையும் எளிய வார்த்தையில் சொன்னால் எப்படி இருக்கும்? நேற்று என்ன நடந்தது என்பது சரித்திரம். நம் காலடி மண்ணும் தண்ணீரும் எப்படி வந்தன என்பது பூகோளம். யார் ஆள்கிறார்கள், எந்தச் சட்டப்படி ஆள்கிறார்கள் என்பது குடிமையியல். உழைப்பு யாருடையது, பலன் யாருக்குப் போகிறது, வரி எங்கே போகிறது என்பது பொருளாதாரம். வயலில் நிற்பவனுக்கும் மில்லில் நிற்பவனுக்கும் இதைவிடச் சொந்தமான படிப்பு வேறு உண்டா?

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பதினோராம் வகுப்பில் பிள்ளை அறிவியல் குரூப்பில் சேர்ந்தால், சரித்திரமும் பொருளாதாரமும் அதோடு சரி. ஐ.டி.ஐ.க்குப் போகும் பையனும், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இந்தப் பாடத்தைப் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அப்போது பிள்ளைக்கு வயது பதினைந்து. பதினெட்டு வயதில் ஓட்டுச் சீட்டு கைக்கு வருகிறது. அதற்கு முன்பே சிலருக்குக் கூலி வேலை வந்துவிடுகிறது. சட்டம் என்றால் என்ன, வரி என்றால் என்ன, சங்கம் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு அதற்குப் பிறகு பலருக்கு வாய்ப்பே இல்லை.

பெரிய இடத்தார் பயந்த பாடம்

இந்தப் பாடத்தின் மதிப்பு நமக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தூரத்து உதாரணம் ஒன்றும், பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்கிறோம்.

சரித்திரம், பூகோளம் என்று தனித்தனியாக நடத்தியதை ஒன்று சேர்த்து, சமூகப் பாடம் என்று பெயரிட்டு உயர்நிலைப் பள்ளிகளில் பரப்பியதில் அமெரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1916-ல் அங்கே ஒரு கல்விக் குழு அறிக்கை கொடுத்தது. மேல் வகுப்பு மாணவர்களுக்கு "ஜனநாயகத்தின் பிரச்சினைகள்" என்றே ஒரு பாடம் வைக்கலாம் என்று அது சொல்லிற்று. பிறகு ஹரால்டு ரக் என்ற பேராசிரியர் வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1929-லிருந்து அவர் எழுதிய சமூகப் பாடப் புத்தகங்கள் வரிசையாக வெளிவந்தன. அமெரிக்காவில் ஆலைகள் மூடிக் கிடந்து, லட்சோப லட்சம் பேர் வேலையில்லாமல் அலைந்த காலம் அது. ஒருவனிடம் செல்வம் குவிந்திருக்க, இன்னொருவன் வறுமையில் கிடப்பது ஏன் என்று அந்தப் புத்தகங்கள் மாணவர்களைக் கேட்க வைத்தன. விளம்பரத்தை அப்படியே நம்பாதே என்றும் சொல்லிக் கொடுத்தன. லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்தார்கள்.

யாருக்குக் கோபம் வந்தது? விளம்பரக் கம்பெனிக்காரர்களின் சங்கத்துக்கு வந்தது. ஆலை முதலாளிகளின் தேசிய சங்கத்துக்கு வந்தது. 1940-ல் அந்த முதலாளிகள் சங்கம் ஒரு பேராசிரியரை அமர்த்தி, பள்ளிக்கூடத்துச் சமூகப் பாடப் புத்தகங்களில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று அலசிப் பார்க்கச் சொன்னது. ரக்கின் புத்தகங்களைப் பல ஊர்ப் பள்ளிகள் விலக்கின. ஓஹியோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் அவற்றைத் தீயிலே போட்டார்கள். சில வருஷங்களில் அந்த வரிசையே மங்கிப் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆலை முதலாளிகள் பணம் செலவழித்து ஆள் வைத்தார்கள். நம் வீட்டுப் பைக்குள்ளேயே கிடக்கும் புத்தகத்தைத் திறந்து பார்க்க நமக்கு என்ன செலவு?

இனி பக்கத்து உதாரணம். மத்திய சர்க்காரின் கல்வி ஆராய்ச்சி ஸ்தாபனமான என்.சி.இ.ஆர்.டி. தயாரிக்கும் புத்தகங்களை சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கிறார்கள். 2022-ல், கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அந்தப் புத்தகங்களிலிருந்து பல பகுதிகளை நீக்கினார்கள். பத்தாம் வகுப்பு அரசியல் புத்தகத்தில் எவை போயின? மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும் என்ற அத்தியாயம் போயிற்று. ஜனநாயகமும் வேற்றுமைகளும் என்ற அத்தியாயம் போயிற்று. ஜனநாயகத்துக்கு உள்ள சவால்கள் என்ற அத்தியாயமும் போயிற்று. பதினோராம் வகுப்புச் சரித்திரத்தில் தொழிற்புரட்சி அத்தியாயம் போயிற்று.

மக்கள் போராட்டங்கள் என்ற அத்தியாயத்தில் பொலிவியா நாட்டுக் கதை ஒன்று இருந்தது. கொச்சபம்பா என்ற ஊரில் குடிதண்ணீர் வினியோகத்தைத் தனியார் கம்பெனி கையில் கொடுத்தார்கள். தண்ணீர்க் கட்டணம் ஏழைகள் தாங்க முடியாதபடி ஏறிற்று. 2000-ம் ஆண்டில் தொழிலாளர்களும் விவசாயிகளும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். கம்பெனியின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. நேபாளத்தில் 2006-ல் மக்கள் எழுந்து மன்னராட்சிக்கு முடிவு தேடிய கதையும் அந்த அத்தியாயத்தில் இருந்தது.

பிள்ளைகளின் சுமை குறைய வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தவர்கள் நாம். ஆனால் எது சுமை என்று தீர்மானித்தவர்கள் யார்? தண்ணீருக்காக ஒரு ஊரே திரண்ட கதையா பிள்ளைக்குச் சுமை?

நம் வீட்டுப் புத்தகம்

நம் மாநிலப் பள்ளிகளின் புத்தகம் வேறு. 2018-லும் 2019-லும் புதிய புத்தகங்கள் வந்தன. அவற்றை எடுத்து வைத்துக் கொண்டு நாலைந்து பேர் சேர்ந்து இந்த மூன்று வாரமாகப் படித்தோம். பார்த்ததைச் சொல்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் தொழிற்புரட்சி இருக்கிறது. வேலைவாய்ப்பு, பணம் மற்றும் கடன், தமிழகத்தில் வேளாண்மை, இடம்பெயர்தல் என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. கந்துக்காரனிடம் கைமாற்று வாங்காத வீடு இங்கே எத்தனை? பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகாத குடும்பம் எத்தனை? பிள்ளையின் புத்தகத்தில் உங்கள் வீட்டுக் கதையின் தலைப்புகள்தாம் அச்சாகியிருக்கின்றன. தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் என்று ஒரு பாடம். அழுத்தக் குழு என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சர்க்காரின் கொள்கையைத் தங்கள் பக்கம் திருப்பப் பாடுபடும் அமைப்புகளுக்கு அந்தப் பெயர். தொழிற்சங்கமும் அதில் ஒன்று. முதலாளிகளின் சங்கமும் அதில் ஒன்று.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள் என்ற பாடம் இருக்கிறது. தொழிலாளர் இயக்கம் அதில் இடம் பெற்றிருக்கிறது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதையும், பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் அதற்குப் பாடுபட்டதையும், 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதையும் நம் பிள்ளைகள் அறிந்து கொள்ளலாம். உணவுப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் தாய்மார்கள் அதற்கு ஆசிரியராகவே போகலாம்.

அரசாங்கமும் வரிகளும் என்று இன்னொரு பாடம். "நமக்கென்ன வரி? வருமான வரி கட்டுகிற பணக்காரர்கள்தாம் நாட்டைத் தாங்குகிறார்கள்" என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நேர்முக வரி, மறைமுக வரி என்று இரண்டு உண்டு என்கிறது பாடம். 2017 ஜூலை 1-லிருந்து ஜி.எஸ்.டி. வந்தது. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் அதன் விலைக்குள்ளே வரி இருக்கிறது. களை பறிக்கும் பாட்டியும் வரி கட்டுகிறாள். அப்படியானால் சர்க்கார் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நமக்கு யாரோ போடும் பிச்சையா? நாமும் பணம் கொடுத்து நடத்தும் ஸ்தாபனங்கள் அவை. இந்த ஒரு பாடம் புரிந்தாலே, சர்க்கார் ஆபீஸ் வாசலில் நாம் நிற்கும் தோரணை மாறிவிடும்.

புத்தகத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. பல இடங்களில் நடை கரடுமுரடாக இருக்கிறது. நாமே ஒரு பத்தியை இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. அச்சான பிறகு உலகம் மாறிவிடுகிறது என்பது இன்னொரு குறை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்குக் கொண்டு வந்தார்கள். 2019-ல் அச்சான புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? வேலை நேரத்தையும் வேலைப் பாதுகாப்பையும் தொடும் சட்டம் மாறியிருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

வகுப்பில் நடப்பது என்ன?

புத்தகம் இப்படி இருக்க, அந்தப் பெண் ஏன் வருஷத்தை மட்டும் உருப்போட்டாள்? காரணத்தை விசாரித்தோம்.

ஒரு பள்ளியில் பரீட்சை நெருங்க நெருங்க சமூக அறிவியல் வகுப்பு நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "இது அவங்களே படிச்சுப்பாங்க" என்று காரணம் சொல்கிறார்கள். கைடு வாங்கி, கோடிட்ட இடத்தை நிரப்பவும், பொருத்துகவும் மட்டும் படித்தால் போதும் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆசிரியரைக் குறை சொல்லி முடித்துவிடலாமா? நாம் பேசிய ஆசிரியர் ஒருவர் மனம் விட்டுச் சொன்னார்: "நான் படிச்சது சரித்திரம். பொருளாதாரமும் நான்தான் நடத்தணும். ரிஜிஸ்டரும் நான்தான் எழுதணும். ஏன், எதனாலேன்னு ஒரு பையன் கேட்டா, அவனுக்குப் பதில் சொல்ற சந்தோஷம் எனக்கும் வேணும்னுதான் இருக்கு. பாடத்தை முடிக்கணுமே!" அவரும் நம்மைப் போல் வேலைப் பளுவில் சிக்கிய ஊழியர்தான். அவர் நமக்குப் பகை அல்ல.

மிச்சக் குற்றம் நம்முடையது. "கதைப் புத்தகம் படிச்சது போதும், கணக்குப் போடு" என்று சரித்திரப் புத்தகத்தை மூடச் சொன்ன தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். இதைச் சொல்லும் நாமும் அதில் சேர்ந்தவர்கள்.

பாடம் நம்மையும் கேட்கும்

இனி சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை இந்தப் பாடத்தைப் புரிந்து படித்தால், முதலாளியை மட்டும் கேள்வி கேட்பான், சர்க்காரை மட்டும் கேள்வி கேட்பான் என்று நினைக்காதீர்கள். போன வாரம் இந்த இடத்தில் குடிமையியல் படித்துக் கொண்டிருந்தோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது என்று ஒரு பையன் வாசித்தான். வாசித்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "அப்படீன்னா நம்ம ஊர் முக்குலே இருக்கிற டீக்கடையிலே எங்க தெருக்காரங்க மட்டும் ஏன் வெளியே நின்னு குடிக்கிறாங்க?"

மில் லயத்துக்காரர்களும் இருந்தோம். காலனித் தெருத் தோழர்களும் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஊர்வலத்தில் போகிறோம். ஒரே உண்டியல் குலுக்குகிறோம். அந்த டீக்கடை இத்தனை வருஷமாக நம் கண்ணில் படாமல் எப்படி இருந்தது? 1950 ஜனவரி 26-ந் தேதியிலிருந்து அமலில் இருக்கும் சட்டத்தைப் பத்தாம் வகுப்புப் பையன் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு தெருக்காரர்களும் பத்துப் பேர் சேர்ந்து போனோம். உள்ளே போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. குடித்தோம். காசு கொடுத்தோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நாளையும் அப்படியே இருக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் போய் வந்ததைப் பெரிய வெற்றி என்று இங்கே சொல்ல வரவில்லை. பெண் கூலி ஏன் குறைவு, சங்க நிர்வாகத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று இன்னொரு பெண் கேட்டிருக்கிறாள். அதற்கும் பதில் பாக்கி நிற்கிறது.

பிள்ளைகள் நம் பேச்சைத் திருப்பிச் சொல்லும் கிளிகளாக ஆக வேண்டாம். நம்மையும் மடக்கிக் கேட்கட்டும். அந்தத் தைரியத்தைக் கொடுப்பதுதான் இந்தப் பாடம்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே நாலு காரியங்களைச் சொல்கிறோம். கஷ்டமான காரியம் ஒன்றும் இல்லை.

முதலாவது: வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளையைச் சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பரவாயில்லை. காது இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. கேட்டுவிட்டு, "அது ஏன் அப்படி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

இரண்டாவது: உங்களுக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சொல்லுங்கள். எந்தப் புத்தகமும் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்காதே என்றுதான் சொல்லிற்று. ஏழு வயதானால் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்! அங்கிருந்து எட்டு மணி வேலைக்கு வந்து சேர்ந்த கதையை, மில்லில் நின்ற பாட்டனிடம் பேரன் கேட்கட்டும். கீழத் தஞ்சையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. பண்ணையாள் முறை எப்படி இருந்தது, சாணிப்பாலும் சவுக்கடியும் எப்படி ஒழிந்தன, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு என்ன மாறிற்று, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் மாண்டது எதனால் என்று பெரியவர்கள் சொல்லட்டும். கேட்டதை நோட்டில் எழுதி, தேதி போட்டு வைக்கட்டும். சொன்னது சரியா என்று புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கட்டும். நம் ஞாபகமும் தவறலாம்.

மூன்றாவது: சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். சமூக அறிவியல் வகுப்பு நேரத்தை எடுத்து வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். கூலி போகாத நேரத்தில் கூட்டத்தை வையுங்கள் என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள்.

நான்காவது: இந்தப் படிப்பகத்தின் சுவரில் ஒரு பெரிய இந்திய வரைபடமும் ஒரு தமிழ்நாடு வரைபடமும் மாட்டப் போகிறோம். பக்கத்தில் ஒரு காலக்கோடு வரையப் போகிறோம். அரசர்களின் வருஷங்களோடு நம் ஊர் வருஷங்களும் அதில் இருக்கும். இந்த மில் எப்போது வந்தது, சங்கம் எப்போது வந்தது, காலனிக்கு மின் விளக்கு எப்போது வந்தது, இந்த ஊரிலிருந்து முதல் பெண் பிள்ளை எப்போது பத்தாம் வகுப்புத் தேறினாள் என்று பிள்ளைகளே விசாரித்து எழுதுவார்கள். பரீட்சையில் வரைபடமும் காலக்கோடும் கேட்கிறார்கள். ஆகவே மார்க்குக்கும் இதனால் நஷ்டம் இல்லை!

மார்க்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கட்டும். கணக்கிலும் வாங்கட்டும், இங்கிலீஷிலும் வாங்கட்டும். டாக்டராகட்டும், இஞ்சினீயராகட்டும். தன்னை அந்த இடத்துக்குக் கொண்டு வந்த கைகள் எவை என்று தெரிந்த டாக்டராக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறோம். மில்லுக்கே வேலைக்குப் போகிற பிள்ளையும், கூலிச் சீட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பிள்ளையாக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணின் தகப்பனார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கோரல் மில் கதையை அவருக்கு முழுதும் சொன்னோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அன்று ராத்திரி மகளை எழுப்பி உட்கார வைத்து, அந்தக் கதையைத் தம் வாயால் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தப் பெண் நம்மிடம் வந்தாள். "அந்த மில்லிலே பொம்பளைங்களும் வேலை செஞ்சாங்களா? அவங்களும் வேலையை நிறுத்தினாங்களா?" என்று கேட்டாள்.

அது பரீட்சையில் வரும் கேள்வி அல்ல, தோழர்களே. பதில் தேடிக் கொண்டிருக்கிறோம். அவளும் தேடுகிறாள்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பையை எடுங்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.